ஆட்டம் ஆக்குவோர் அவை

விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஏரியை அடுத்து ஒரு சிறு குன்று. குன்றின்மேல் ஒரு பழங்கோயில். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் அதுவே. பனைமலைக்கு உரிய இறைவன் என்பது அப்பெயரின் பொருள். அக்கோயிலின் சிற்றறை ஒன்றில் குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, சிவபெருமானின் ஆடலைக் கண்டு மகிழும் உமையின் ஓவியம் இன்றும் காணப்படுகின்றது. ஓவியத்தின் பெரும்பகுதி காலத்தால் அழிந்தது. எஞ்சிய பகுதியே கண்டோர் உள்ளத்தைக் கவர்கின்றது.

அதை வரைந்தவர் யார்? எவருடைய பெயரும் கிடைக்கவில்லை. ஒரு சுவரோவியம் தோன்றவேண்டுமாயின் சுண்ணம் குழைப்போர் வேண்டும். வண்ணம் அரைப்போர் வேண்டும். கோடு வரைவோர் வேண்டும். எட்ட நின்று பார்த்துக் குறை சொல்வோரும் வேண்டும். ஒருவர் கையால் மட்டும் பெருங்கலை வளர்வதில்லை. இவ்வுண்மை சுவரோவியத்திற்கு மட்டுமன்றி, இந்நூற்றாண்டின் புதுக்கலை ஒன்றிற்கும் பொருந்தும். கணிப்பொறித் திரையிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளை ஆக்கும் கலையே அது.

பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பணியாளரைக் கொண்டு இத்தகைய விளையாட்டுகளை ஆக்குகின்றன. அவற்றைச் சாராமல், தனியொருவராகவோ இருவர் மூவர் சேர்ந்தோ ஆக்குவோரும் உலகெங்கும் உள்ளனர். அவர்களைத் தன்னுரிமை ஆக்குநர் எனலாம். அவர்களுக்குப் பெரும்பொருள் இல்லை. விளம்பரம் செய்ய ஆள் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. ஆகவே தொடங்கிய விளையாட்டை முடிக்காமல் பாதியிலேயே கைவிடுவோர் பலர். இக்குறையைப் போக்க அவர்கள் கண்ட வழி ஊர்தோறும் ஒன்று கூடுதல் ஆகும். திங்களுக்கு ஒருமுறை ஒரு நூலகத்திலோ கல்லூரி அறையிலோ தேநீர்க் கடையிலோ கூடித் தத்தம் ஆக்கங்களைக் காட்டி, ஆடிப் பார்த்துப் பேசிப் பிரிகின்றனர். இக்கூட்டங்களால் விளையும் பயனை அறிய வேண்டுமாயின், முதலில் ஒரு பழைய ஆட்டத்தை நினைவுகூர்தல் நலம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோயில் தளத்திலும் பாறையிலும் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை அறியாதவர் சிலரே. இருபத்து மூன்று புள்ளிகள்; மூன்று புலிகள்; பதினைந்து ஆடுகள். புலி, தன்னை அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அப்பால் உள்ள வெற்றுப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆனால் அப்பால் உள்ள புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட இயலாது. தனித்து நின்ற ஆடு இரையாகும். துணையோடு நின்ற ஆடு பிழைக்கும். ஆடுகள் இவ்வாறே அணிவகுத்து, இறுதியில் புலிகளை நகரவிடாமல் அடைத்து வெற்றி பெறுகின்றன.

இந்த ஆட்டத்தை ஆக்கியவரின் பெயரும் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் அமைப்பில் உள்ள நுட்பம் வியக்கத்தக்கது. புலிகள் நான்காயின் ஆடுகளுக்கு ஏற்படும் இடர் பெருகும். ஆடுகள் இருபதாயின் புலிகளுக்கு இடமே இராது. இரு பக்கத்தாருக்கும் வெற்றி வாய்ப்பு அமையுமாறு எண்ணிக்கையை நிறுத்துவதே ஆட்டக் கலையின் உயிர்நாடி. கணிப்பொறி விளையாட்டை ஆக்குவோர் இன்று இரவு பகலாக முயல்வதும் இச்சமன்பாட்டிற்காகவே. ஏட்டில் எழுதிக் கணக்கிட்டு இதைக் காண்பது அரிது. பலர் பலமுறை ஆடிப் பார்த்தே காணவேண்டும். அந்தப் பலர் எங்கிருந்து வருவர்? அங்கேதான் கூட்டத்தின் தேவை தோன்றுகின்றது.

கணிப்பொறி விளையாட்டின் வரலாறே ஒரு கூட்டத்தில் தொடங்கியது எனலாம். அமெரிக்க நாட்டில் உள்ள மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1961-ஆம் ஆண்டில் பி.டி.பி-1 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அக்கழகத்தில் சிறு இரயில் வண்டிகளையும் அவற்றின் பாதைகளையும் அமைத்து மகிழும் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. அச்சங்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் புதிய பொறியைச் சூழ்ந்து நின்றனர். அதன் வட்டத்திரையில் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று தாக்கும் ஓர் ஆட்டத்தை அமைக்க எண்ணினர். அதை எழுதும் பொறுப்பு ஸ்டீவ் ரசல் என்பவரிடம் வந்தது.

ரசல் எளிதில் தொடங்கவில்லை. கலங்கள் திரும்பும் கோணத்தைக் கணக்கிடும் நிரல் தம்மிடம் இல்லையென்று காரணம் கூறினார். ஆலன் கோட்டக் என்னும் நண்பர் அப்பொறியைச் செய்த நிறுவனத்திற்கே சென்று, அந்நிரல் துளையிடப்பட்ட காகித நாடாவை வாங்கிவந்து ரசலின் கையில் கொடுத்தார். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. 1962-ஆம் ஆண்டில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்போர் ஆட்டம் உருவாயிற்று.

அத்துடன் அது நின்றுவிடவில்லை. பின்னணியில் விண்மீன்கள் தாறுமாறாக இருப்பதைக் கண்ட பீட்டர் சாம்சன், வானத்தில் உள்ளவாறே விண்மீன்களை அமைத்தார். டான் எட்வர்ட்சு நடுவில் ஒரு கதிரவனை வைத்து, அதன் ஈர்ப்பினால் கலங்கள் வளைந்து செல்லுமாறு செய்தார். மார்ட்டின் கிரேட்சு, இடரில் சிக்கிய கலம் மறைந்து வேறிடத்தில் தோன்றும் வழியைச் சேர்த்தார். பொறியின் விசைகளை அழுத்தி ஆடுவோரின் முழங்கைகள் நோவதைக் கண்டு, கோட்டக்கும் பாப் சாண்டர்சும் கையில் பிடித்து ஆடும் பெட்டிகளைச் செய்து தந்தனர். முதலில் எழுதியவர் ஒருவர், முழுமையாக்கியவர் பலர். குறை கண்டவர் குறை கூறிப் போகாமல், தம்மால் இயன்றதைச் சேர்த்தமையே அக்கூட்டத்தின் சிறப்பு.

மற்றோர் எடுத்துக்காட்டும் காண்க. 1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவரது வீட்டுக் கார்க் கொட்டகையில் சிலர் கூடினர். வீட்டிலேயே கணிப்பொறி செய்ய விரும்பியோரின் கழகமாகிய 'ஓம்புரூ' கழகம் அன்று தோன்றியது. முதற்கூட்டத்திற்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வாசுனியாக் என்னும் கூச்சம் மிக்க இளைஞரும் ஒருவர். பேசத் தயங்கிய அவர், தாம் செய்த பொறியைக் கூட்டத்தாரிடம் காட்டுவதில் இன்பம் கண்டார். அதன் வரைபடத்தையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்.

பந்தால் செங்கற்களை உடைக்கும் ஓர் ஆட்டத்தை வாசுனியாக் முன்னர் ஒரு நிறுவனத்திற்காக மின்னணு உறுப்புகளால் அமைத்திருந்தார். அதையே தம் புதிய கணிப்பொறியில் நிரலாக எழுதிக் கழகத்தாருக்குக் காட்ட விரும்பினார். அதற்கு வண்ணம் வேண்டும், ஒலி வேண்டும், கையால் திருகி ஆடும் கருவி வேண்டும். இவை யாவும் 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆப்பிள் 2' கணிப்பொறியில் இடம்பெற்றன. நண்பர்களுக்கு ஓர் ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்னும் ஆவல், பல்லாயிரம் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்ற ஒரு பொறியின் அமைப்பையே வகுத்தது. கூட்டத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, இக்கூட்டங்களில் நடப்பது யாது என்பதைக் காண்போர், அங்கே சொற்பொழிவு சிறிதாகவும் ஆடிப் பார்த்தல் பெரிதாகவும் இருப்பதை அறிவர். முடிவுறாத விளையாட்டு ஒன்றை ஒருவர் மேசைமீது வைப்பார். அதை முன்பின் அறியாத மற்றொருவர் ஆடத் தொடங்குவார். ஆக்கியவர் அருகில் அமர்ந்து பார்ப்பார். ஆனால் வாய் திறவார். இவ்வாறு வாளாவிருத்தல் எளிதன்று. 'அங்கே அழுத்துக, இங்கே தாவுக' என்று சொல்ல நா துடிக்கும். சொன்னால் பயன் கெடும். விளையாட்டு உலகெங்கும் சென்றபின், ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து வழிகாட்ட ஆக்கியவரால் இயலாதன்றோ?

பனமலை மாணவன் ஒருவன் பனையேறும் ஆட்டம் ஒன்றை அமைக்கின்றான் எனக் கொள்க. ஆடுபவர் தளைநார் பூட்டிப் பனை ஏறவேண்டும். பாளையில் கட்டிய கலயத்தில் ஊறிய பதநீரை வெயில் ஏறுமுன் இறக்கவேண்டும். மூன்று திங்கள் உழைத்து ஆக்கியதால் அவனுக்கு அதன் ஒவ்வோர் அசைவும் மனப்பாடம். அவன் கைபட்டால் ஏறுபவர் ஒருமுறைகூட வழுக்குவதில்லை. ஆட்டம் எளிதாகிவிட்டதோ என்று அஞ்சி, அதை மேலும் கடினமாக்குகின்றான்.

ஒருநாள் அவன் தங்கை அதை ஆடுகின்றாள். முதற்பனையிலேயே மும்முறை வழுக்கி விழுகின்றாள். சலித்துக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகின்றாள். தாவுமுன் ஒரு நொடி விரலை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதைத் திரையில் எங்கும் அவன் உணர்த்தவுமில்லை. தனக்குத் தெரிந்தது யாவர்க்கும் தெரியும் என்று அவன் எண்ணிவிட்டான். தவறு தங்கையினுடையது அன்று; ஆட்டத்தினுடையது. இந்த ஓர் உண்மையை அறிய அவனுக்கு மூன்று திங்கள் போதவில்லை. தங்கையின் மூன்று நிமிடங்கள் போதுமானவையாயின.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது போல, ஆக்கியவர்க்குத் தம் ஆக்கத்தின் குறை தெரிவதில்லை. பிறர் கண்ணே அதைக் காட்டும் கண்ணாடி. ஆனால் அக்கண்ணாடி அன்புடையதாகவும் இருத்தல் வேண்டும். நல்ல கூட்டத்தில் 'இது நன்றாக இல்லை' என்று எவரும் கூறி முடிப்பதில்லை. 'இந்த இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை' என்று கூறுவர். முன்னது மனத்தைப் புண்படுத்தும் முடிவு. பின்னது திருத்த உதவும் செய்தி. கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. பத்துப் பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே பிழை உண்டென அறிந்து திருத்தவேண்டும். பத்துப் பேர் பத்து வகையாக மாற்றச் சொன்னாலோ, எதை ஏற்பது, எதை விடுப்பது என்பதைத் தாமே தெளியவேண்டும். அனைவர் சொல்லுக்கும் இசைந்து ஆக்கிய ஆட்டம் எவர்க்கும் உரியதாகாது.

கூடிப் பேசுவதோடு அமையாமல் கூடியே ஆக்கும் வழக்கமும் உண்டு. 2002-ஆம் ஆண்டில் 'லூடம் டேர்' என்னும் போட்டி தொடங்கியது. குறித்த பொருள்பற்றி இரண்டு நாளில் ஒரு விளையாட்டை ஆக்குவது அதன் நெறியாயிற்று. 2009-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில் 'உலக ஆட்ட ஆக்க விழா' முதன்முதலாக நடைபெற்றது. 23 நாடுகளில் 53 இடங்களில், ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, 48 மணி நேரத்தில் பலர் குழுக்களாக விளையாட்டுகளை ஆக்கினர். பின்னர் ஆண்டுதோறும் நடைபெற்ற அவ்விழாவில் இந்திய நகரங்களும் பங்கு கொண்டன.

இரண்டு நாளில் சிறந்த விளையாட்டு தோன்றிவிடுமோ என்று சிலர் ஐயுறலாம். பெரும்பாலும் தோன்றாது. ஆயினும் படம் வரையத் தெரிந்தவரும், நிரல் எழுதத் தெரிந்தவரும், இசையமைக்கத் தெரிந்தவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். சிறிதாக எண்ணித் தொடங்கியதை முடித்துக்காட்டும் பழக்கம் உண்டாகும். முடிக்கப்பட்ட ஒரு சிறு ஆட்டம், முடிக்கப்படாத நூறு பேராட்டங்களினும் மேலானது.

தமிழர் ஆக்கிய விளையாட்டு ஒன்று இத்தகைய தன்னுரிமை உலகில் பெருஞ்சிறப்பெய்தியது. கனடா நாட்டின் டொரன்டோ நகரில் உள்ள 'விசை' என்னும் சிறு குழுவினர் 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதில் போர் இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தாய், தன் அன்னை தந்த சமையல் ஏட்டைப் பார்த்துச் சமைக்கின்றாள். ஏட்டின் தாள்கள் கிழிந்தும் மங்கியும் உள்ளன. விடுபட்ட செய்முறையை ஆடுபவர் சிந்தித்துக் கண்டுபிடித்து இட்டிலியும் புட்டும் பிறவும் ஆக்கவேண்டும். மகன் கவின் வளர வளரத் தாய்மொழியினின்று விலகிச் செல்கின்றான்; பின்னொரு நாள் அவனே அந்த ஏட்டைத் தட்டுத்தடுமாறிப் படிக்க முயல்கின்றான். கிழிந்த ஏட்டைச் செம்மைப்படுத்துதல் என்னும் எளிய செயலிலே ஒரு குடும்பத்தின் மொழித்துயர் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

2024-ஆம் ஆண்டில் அவ்விளையாட்டு, அமெரிக்காவில் நடைபெற்ற தன்னுரிமை ஆட்ட விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் முதற்படைப்பு விருதையும் பெற்றது. அது பிறந்த டொரன்டோ நகரம் ஆட்டம் ஆக்குவோரின் கூட்டங்களுக்குப் பெயர்பெற்றது. 2006-ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஆட்ட ஆக்க விழா நடைபெற்றது. 2009-ஆம் ஆண்டில் 'ஏண்டு ஐ' சங்கம் என்னும் பெயரில் ஆக்குநர் சங்கமும் தோன்றியது. நல்ல பயிர் விளையும் நிலத்தில் முன்னரே பலர் கிணறு வெட்டியிருப்பர்.

இந்தியாவிலும் இம்முயற்சிகள் வளர்ந்துள்ளன. பூனா நகரத்துக் குழு ஒன்று, மக்களிடம் நிதி திரட்டும் முயற்சி நிறைவேறாதபோதும் மனந்தளராது உழைத்து, 2020-ஆம் ஆண்டில் 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. இந்நாட்டுக் கட்டடக் கலையும் சிற்றோவிய மரபும் அதில் அழகுற அமைந்துள்ளன. ஐதராபாத்தில் பல ஆண்டுகள் கூடிய இந்திய ஆட்ட ஆக்குநர் மாநாடு, பல மாநில ஆக்குநரை ஒருங்கு சேர்த்தது. இந்நாட்டுக் கதையும் கலையும் மொழியும் திரையில் இடம்பெற வேண்டுமாயின், அவற்றை அறிந்தவரே அவற்றை ஆக்கவேண்டும். பிறர் ஆக்கித் தருவர் என்று காத்திருத்தல் பயனற்றது.

விளையாட்டு என்றவுடன் பெற்றோர் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களால் பொருளை இழந்தோரும் உயிரையே இழந்தோரும் உண்டு. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சூது வேறு, விளையாட்டு வேறு. மேலும், ஆடுபவரைப் பிணித்து வைக்க என்னென்ன சூழ்ச்சிகள் செய்யப்படுகின்றன என்பதை, ஆட்டத்தை ஆக்கப் பழகியவர் எளிதில் கண்டுகொள்வர். வலை பின்னத் தெரிந்தவருக்கு வலையின் கண்கள் தெரியும் அன்றோ?

இத்தகைய ஓர் அவையைப் பனமலை போன்ற சிற்றூரிலும் தொடங்கலாம். அதற்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. 'ஸ்கிராச்சு' என்னும் கருவி 2007-ஆம் ஆண்டு முதல் சிறுவர்க்கு விலையின்றிக் கிடைக்கின்றது; கட்டைகளை அடுக்குவது போல அதில் கட்டளைகளை அடுக்கலாம். பெரியோர்க்கு 'கோடோ' என்னும் கருவி உள்ளது. அர்ச்சென்டினா நாட்டவர் இருவர் உருவாக்கிய அதன் மூல நிரல், 2014-ஆம் ஆண்டில் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டது. ஒரு கணிப்பொறி, ஐந்து மாணவர், வாரத்திற்கு இரண்டு மணி நேரம், இவை போதும். வருவோர் ஒவ்வொருவரும் ஒரு சிறு ஆக்கத்தைக் கொண்டுவருக. பிறர் ஆக்கம் ஒன்றையேனும் ஆடிப் பார்க்க. ஆடும்போது ஆக்கியவர் பேசாதிருக்க. உதவியவர் பெயரைத் திரையில் எழுதுக. இந்நான்கு நெறிகளும் ஓர் அவைக்கு அடித்தளம் ஆகும்.

நான்காம் நெறி சிறிதெனத் தோன்றினும் பெரிது. குன்றின்மேல் உமையை வரைந்தவர் பெயர் மறைந்தது. ஆடுபுலியை அமைத்தவர் பெயரும் மறைந்தது. இனி ஆக்குவோர் பெயராவது நிலைக்கட்டும். படம் வரைந்த தோழி, ஒலி சேர்த்த தோழன், மும்முறை வழுக்கி விழுந்து பிழை காட்டிய தங்கை ஆகிய யாவர் பெயரும் ஆங்கு இடம்பெறுதல் முறை. பின்னர்ப் பகைமை தோன்றாமல் கூட்டத்தைக் காப்பதும் இந்நெறியே.

பொருளும் புகழும் நிறைந்த பெருநிறுவனங்களின் நடுவே, தனியொருவர் ஆக்கும் விளையாட்டு புலிகளின் நடுவே நிற்கும் ஆட்டைப் போன்றது. தனித்து நின்றால் அது வீழும். அப்பால் உள்ள புள்ளியில் ஒரு துணை நிற்குமாயின் எந்தப் புலியும் அதைத் தாண்டாது. பாறையில் கோடு கிழித்து முன்னோர் ஆடிய ஆட்டம் இப்பாடத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றது. அதைக் கற்றவர் கூடுவர், கூடியவர் ஆக்குவர், ஆக்கியதை முடித்தும் காட்டுவர்.